கணினிக்கூடத்தின் முதல் ஐந்து நிமிடம் யாருக்குச் சொந்தம்?



தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. சபைகூடலில் தமிழ் ஒலிக்கிறது. கணினிக்கூடத்தின் கதவிலும் அழகிய எழுத்தில் தமிழ்ப்பெயரை எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். ஆனால், அந்தக் கதவைத் திறந்து உள்ளே சென்ற குழந்தை தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டிய மறுநொடி, தமிழ் காணாமற்போய்விடுகிறது. திரையில் ஆங்கிலம், விசைப்பலகையில் ஆங்கிலம், முதலில் திறக்கும் பக்கத்திலும் ஆங்கிலம்.

இதற்கு யாருடைய சதியும் காரணமன்று. வழங்கியில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும், பத்துப் பன்னிரண்டு வரிகள் கொண்ட ஒரு கோப்பே காரணம். அதைப் புகுபதிகைக் குறுநிரல் என்று தமிழில் சொல்லலாம். 'லாகின் ஸ்கிரிப்ட்' என்றால் கணினி அறிந்தோர்க்கு உடனே விளங்கும். இந்தக் கோப்பை எழுதவும் திருத்தவும் உள்ள உரிமை தமிழ்ப்பள்ளியிடமே இருக்க வேண்டும். கணினி அமைத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் அதை விட்டுவைப்பது தவறு. இக்கட்டுரையில் நான் வாதிட வந்தது இது ஒன்றைத்தான்.

'இது தொழில்நுட்பம், தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை?' என்று சிலர் புருவம் உயர்த்தலாம். நான் கணினிப் பொறியாளன் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கக் கற்றவன். அந்தத் தகுதியில் நின்றுதான் பேசுகிறேன். வகுப்பறைச் சுவரில் எதை ஒட்டுவது என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார். கணினித் திரையும் குழந்தைக்கு ஒரு சுவர்தானே?

மெல்லிய முனையம் – ஒரு சிறு விளக்கம்

'தின் கிளையண்ட்' எனப்படும் மெல்லிய முனையங்களைச் சிலர் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு சுட்டெலி, ஒரு சிறு பெட்டி. அப்பெட்டிக்குள் வன்தட்டு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மின்விசையைத் தட்டியதும் தனக்கு வேண்டிய தொடக்கக் கோப்புகளை அது வலையமைப்பின் வழியே வழங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும். அதன்பின் குழந்தை திறக்கும் சொற்செயலி, உலாவி, ஓவியச் செயலி எல்லாம் வழங்கியில்தான் ஓடும். படம் மட்டும் குழந்தையின் திரைக்கு வரும். சிற்றுண்டிச்சாலையில் ஒரே அடுப்பில் சமைத்து முப்பது தட்டுகளில் பரிமாறுகிறார்களே, அதைப் போன்றதுதான் இதுவும்.

லினக்ஸ் உலகில் இதற்கென்றே ஜிம் மெக்குவில்லன் என்பவர் 1999-இல் எல்டிஎஸ்பி என்னும் கட்டற்ற திட்டத்தைத் தொடங்கினார். பழைய கணினிகளைக் குப்பையில் வீச மனமில்லாத பள்ளிகளுக்கு அது பெரும் உதவியாக அமைந்தது. 2019-இல் அது புதிதாக எழுதப்பட்ட பிறகு, செயலிகளைப் பெரும்பாலும் மாணவர் கணினியிலேயே ஓடவிடுகிறார்கள். ஆனாலும் கணக்கும் கோப்புகளும் வழங்கியில்தான் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் உலகில் தொலைமேசைச் சேவை என்ற பெயரில் இதே முறை நடக்கிறது.

இம்முறையில் பெட்டிக்கு நினைவாற்றல் இல்லை. நேற்று அதன்முன் அமர்ந்தது கவிதாவா, கண்ணனா என்பது அதற்குத் தெரியாது. குழந்தையை அடையாளங்கண்டு, 'இவளுக்கு எந்த மொழி, எந்த விசைப்பலகை, எந்தக் கோப்புறை, எந்த அச்சுப்பொறி, முதலில் எந்தச் சாளரம்' என்று ஏற்பாடு செய்வது புகுபதிகையின்போது வழங்கி ஓட்டும் குறுநிரலே. அதில் 'தமிழ்' என்று எழுதியிருந்தால் தமிழ். எழுதாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்!

ஒப்பந்தக்காரரின் பத்து வரிகள்

எங்கள் பள்ளிக்குக் கணினிக்கூடம் அமைத்துத் தந்த நிறுவனத்தின் குறுநிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். முதல் வேலை, நிறுவனத்தின் சின்னத்தைத் திரையின் பின்னணியாக விரிப்பது. இரண்டாம் வேலை, உலாவியைத் திறந்து அவர்களுடைய முகப்புப் பக்கத்தைக் காட்டுவது. மூன்றாம் வேலை, விசைப்பலகையை அமெரிக்க ஆங்கிலத்திற்கு மாற்றுவது. நான்காம் வேலை, அச்சுப்பொறியை இணைப்பது. அந்த அச்சுப்பொறியோ பழுதாகி, அவர்களே எடுத்துச் சென்றுவிட்ட ஒன்று! இல்லாத அச்சுப்பொறியைத் தேடித் தேடி, ஒவ்வொரு குழந்தையின் புகுபதிகையும் காத்துக்கிடந்தது.

திருத்தித் தருமாறு கேட்டோம். 'பராமரிப்பு ஒப்பந்தத்தில் அது அடங்காது. தனிக் கட்டணம்' என்றார்கள். நாங்களே திருத்திக்கொள்கிறோம் என்றோம். 'நிர்வாகியின் கடவுச்சொல்லைப் பள்ளியிடம் தருவதற்கில்லை' என்றார்கள். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் விருந்து வைத்துத் திரட்டிய பணத்தில் வாங்கிய கணினி. அதன் வாசலில் யார் நிற்பது என்று தீர்மானிப்பவர் வேறொருவர்!

இப்படிக் கேட்கும் பள்ளிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மறுப்புகள் நான்கு. ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

மறுப்பு 1: 'வேண்டுமென்றால் குழந்தைகளே தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாமே?'

மாற்றலாம். ஆனால் எத்தனை முறை? பள்ளிகளில் பெரும்பாலும் கட்டாயப் பயனர் அமைப்பு என்ற ஒன்றை வைத்துவிடுகிறார்கள். குழந்தை செய்த மாற்றங்கள் யாவும் அவள் விடுபதிகை செய்த நொடியில் அழிந்து, பழைய நிலை திரும்பிவிடும். விளையாட்டாகச் செய்யும் குளறுபடிகளைத் தடுக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே ஏற்பாடு, இன்று தேர்ந்தெடுத்த தமிழையும் நாளைக்குள் துடைத்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒவ்வொரு வாரமும் நான்கு சாளரங்களைத் திறந்து தன் தாய்மொழியை மீட்டெடுக்க வேண்டுமா? கணினி மறக்கும்படி அமைத்துவிட்டு, நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை ஏழு எட்டு வயதுக் குழந்தையின் தலையில் சுமத்துவது என்ன நியாயம்?

மறுப்பு 2: 'இந்த வழங்கியில் தமிழ் சரியாக வராது.'

இதைக் கேட்டால் எனக்குச் சினம் வருகிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே யூனிகோடு தமிழ் அவ்வியங்குதளத்தில் இருக்கிறது. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு இயல்பாகவே கிடைக்கிறது. லிபரெஆஃபிஸுக்கும் பயர்பாக்ஸுக்கும் தமிழ் இடைமுகம் உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலை இந்நாட்டுத் தமிழாசிரியர் அறியாதிருக்க வழியில்லை. வராதது தமிழ் அன்று. வரவைக்கும் அக்கறைதான் வரவில்லை.

உண்மையான சிக்கல்கள் சில உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தொலைமேசை முறையில், குழந்தையின் பெட்டி தன் விசைப்பலகை அமைப்பையே வழங்கிக்கும் அனுப்பிவைக்கும். வழங்கியில் தமிழ் என்று அமைத்திருந்தாலும் பெட்டியிலிருந்து வரும் ஆங்கிலம் அதன்மேல் ஏறி அமர்ந்துகொள்ளும். இதைப் புறக்கணிக்குமாறு வழங்கிக்குச் சொல்ல முடியும். ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் போதும்.

லினக்ஸில் வேறொரு பொறி இருக்கிறது. கட்டளைச் சாளரம் திறக்கும்போது படிக்கப்படும் கோப்பு வேறு. வரைகலைத் திரைக்குள் புகும்போது படிக்கப்படும் கோப்பு வேறு. எங்களிடம் வந்த தொழில்நுட்பர் ஒருவர் தமிழ் அமைப்பை முதல் கோப்பில் எழுதினார். கறுப்புச் சாளரத்தைத் திறந்து சோதித்தார். 'வேலை செய்கிறது' என்று கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். குழந்தைகளோ கறுப்புச் சாளரத்தைத் திறப்பதே இல்லை. அவர்களுடைய சொற்செயலியில் தமிழ் வரவே இல்லை. உள்ளிடும் இடத்தில் சோதிக்காத தமிழ், தமிழாகாது.

இன்னொன்று. லினக்ஸின் வட்டார அமைப்புகளில் தமிழ் – இந்தியா உண்டு, தமிழ் – இலங்கை உண்டு. தமிழ் – மலேசியா இல்லை. தமிழ் – இந்தியா என்று முழுமையாகத் தேர்ந்தெடுத்தால் நாணயக் குறியும் ரூபாயாகிவிடும். கணிதப் பாடத்தில் ரிங்கிட்டும் சென்னும் படிக்கும் குழந்தைக்கு ரூபாய் எதற்கு? செய்திகளின் மொழிக்குத் தமிழையும் நாணயத்திற்கு மலேசியாவையும் தனித்தனியே அமைக்க முடியும். குறுநிரலில் இரண்டே வரிகள். ஆனால், அந்த இரண்டு வரிகள் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நம் பாடநூலைத் திறந்து பார்த்தவருக்குத் தோன்றும். எங்கோ அலுவலகத்தில் அமர்ந்து எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கோப்பைப் படியெடுத்து ஒட்டுபவருக்குத் தோன்றாது.

மறுப்பு 3: 'கூடுதலாக எழுதினால் புகுபதிகை தாமதமாகும்.'

தாமதத்தைப் பற்றி அவர்கள் நமக்குப் பாடம் சொல்கிறார்கள்! 2013-இல் வெளிவந்த விண்டோஸ் 8.1, சர்வர் 2012 ஆர்2 ஆகியவற்றில் ஒரு புதிய வழக்கம் புகுந்தது. குழுக்கொள்கையின் வழியே ஓடும் புகுபதிகைக் குறுநிரல்கள், நிர்வாகி வேறுவிதமாக அமைக்காவிட்டால், புகுபதிகைக்குப் பின் 5 நிமிடங்கள் கழித்தே ஓடத் தொடங்கும். திரை விரைவாகத் தோன்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். அலுவலகத்தில் நாள் முழுவதும் கணினிமுன் இருப்பவருக்கு அது ஒரு பொருட்டன்று.

நம் பாடவேளையோ 30 நிமிடம். அதில் 5 நிமிடம் என்றால் ஆறில் ஒரு பங்கு. வாரத்திற்கு ஒரு பாடவேளை என்று வைத்துக்கொண்டாலும், 40 வாரங்களில் 200 நிமிடங்கள்; ஏறத்தாழ ஏழு பாடவேளைகள். அந்த 5 நிமிடமும் குழந்தை சும்மா இருப்பாளா? ஆங்கில விசைப்பலகையில் தட்டத் தொடங்கிவிடுவாள். பாதி எழுதும்போது குறுநிரல் விழித்தெழுந்து விசைப்பலகையை மாற்றும்; 'சார், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு' என்று கூவுவாள். கணினி கெடவில்லை, அம்மா! அந்தத் தாமதத்தைச் சுழியமாக்க ஓர் அமைப்பு இருந்தும், அதை மாற்ற எவரும் மெனக்கெடவில்லை.

விசைப்பலகையையும் மொழியையும் அமைப்பதற்கு ஆகும் நேரம் கண்ணிமைக்கும் நேரந்தான். நேரத்தைத் தின்பவை இல்லாத அச்சுப்பொறியைத் தேடுவதும், முப்பது திரைகளிலும் ஒரே நொடியில் உலாவியைத் திறப்பதும். எல்லாம் ஒரே வழங்கியில் ஓடுவதால், முப்பது உலாவிகளின் சுமையும் அதன் தலையில் ஒருசேர விழுகிறது. விளம்பரத்திற்கு நேரம் உண்டு, தமிழுக்கு இல்லையா?

மறுப்பு 4: 'ஆசிரியர்கள் கை வைத்தால் கூடமே முடங்கிவிடும்.'

நான்கில் நியாயமுள்ள மறுப்பு இதுதான். பொதுக் குறுநிரலில் நேரும் ஒரு பிழை, தனிக் கணினியில் நேரும் பிழையைப் போன்றதன்று. காத்திருக்கச் சொல்லும் ஒரு தவறான வரி முப்பது குழந்தைகளையும் வாசலிலேயே நிறுத்திவிடும். ஆகவே, எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எழுதக்கூடாது.

ஆயினும், புகுபதிகைக் குறுநிரல் மாணவரின் உரிமையோடுதான் ஓடுகிறது. மாணவர் தொட முடியாத எதையும் அதனாலும் தொட முடியாது. வழங்கியின் உள்ளுறுப்புகளை அது சிதைத்துவிடும் என்பது வெறும் பூச்சாண்டி. பள்ளிக்கென்று தனியொரு கோப்பை ஒதுக்கி, முதன்மைக் குறுநிரல் அதை இறுதியில் அழைக்குமாறு செய்தால் போதும். நிர்வாகியின் கடவுச்சொல்லே நமக்கு வேண்டாம். அந்தக் கோப்பிற்குக் கீழ்க்காணும் ஒழுங்குகளை வகுத்துக்கொள்ளலாம்.

1. எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு சோதனைக் கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளி முடிந்த பிறகு செய்வது உத்தமம்.

2. பயனரின் விடைக்காகக் காத்திருக்கும் கேள்வி எதுவும் இருக்கக்கூடாது. வலையமைப்பில் ஒன்றைத் தேடினால், அதற்கு நேர வரம்பு இருக்க வேண்டும்.

3. ஒரு வரி தோற்றாலும் புகுபதிகை தொடர வேண்டும். தமிழ் வரவில்லை என்பதற்காகக் குழந்தை வெளியே நிற்கக்கூடாது.

4. கடவுச்சொல் எதையும் அதற்குள் எழுதக்கூடாது. மாணவருக்காக ஓடும் கோப்பை மாணவரால் படிக்கவும் முடியும்.

5. பழைய கோப்பை நாள் குறித்துப் பத்திரப்படுத்த வேண்டும். ஓர் அச்சுப்படி அலுவலகக் கோப்பிலும் இருக்கட்டும்.

ஐந்தும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுக்கக் கூடியவை. தேர்வுத்தாளை மந்தணமாகக் காக்கத் தெரிந்த ஆசிரியருக்கு இவை இயலாதவையா?

ஒரே கணக்கில் முப்பது பேர்

இதோடு தொடர்புடைய ஒரு சோம்பேறித்தனத்தையும் சொல்லியாக வேண்டும். பதிவு செய்யும் வேலைக்கு அஞ்சி, எல்லா மாணவர்க்கும் ஒரே கணக்கைக் கொடுத்துவிடும் பழக்கம் சில கூடங்களில் உண்டு. மெல்லிய முனைய முறையில் இது பெருங்கேடு. எல்லாரும் ஒரே வழங்கியில், ஒரே கோப்புறையில் இருப்பதால், முதல் குழந்தை உலாவியைத் திறந்ததும் இரண்டாம் குழந்தைக்கு 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்ற செய்தி வரும். சொற்செயலியும் அப்படியே தன்னைப் பூட்டிக்கொள்ளும். ஒருத்தி மாற்றிய அமைப்பு அடுத்தவள் தலையில் விடியும்.

குழந்தைக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும். அப்போதுதான் குறுநிரல் அவளை அறியும். அவளுடைய பெயரைத் தமிழில் எழுதி வரவேற்கும். அவளுடைய ஆண்டுக்குரிய பயிற்சியை எடுத்து வைக்கும். தன் பெயர் தமிழில் ஒளிரும் திரையைப் பார்க்கும் முதலாம் ஆண்டுக் குழந்தைக்கு, 'இந்த மொழி கணினிக்கும் உரியது' என்று தனியாகப் போதிக்கவும் வேண்டுமோ?

நார்வேக்காரர் செய்தது

'சிறிய சமூகத்தின் மொழிக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?' என்று கேட்போருக்கு ஒரு வெளிநாட்டுச் செய்தி. 2001-இல் நார்வேயில் 'ஸ்கூலெலினக்ஸ்' என்றொரு முயற்சி தொடங்கியது. பள்ளிகளுக்கென்றே டெபியன் லினக்ஸைத் தொகுத்து, மெல்லிய முனையங்களில் ஓடும்படி தந்தார்கள். பின்னர் அது டெபியன் எடு என்னும் திட்டத்தோடு இணைந்தது. தொடக்கத்திலேயே அவர்கள் வகுத்துக்கொண்ட நோக்கங்களுள் ஒன்று, குழந்தைகள் தத்தம் மொழியிலேயே கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பது. நார்வே மொழியின் இரண்டு எழுத்து வழக்குகளுக்கும் உழைத்தார்கள். அதோடு நில்லாமல், வட சாமி மொழிக்கும் உழைத்தார்கள். வட சாமி பேசுவோர் முப்பதாயிரத்துக்கும் குறைவானவர்கள்.

கோடிக்கணக்கானோர் பேசும் மொழியை வைத்துக்கொண்டு, இருநூறாண்டாக இந்நாட்டில் தமிழ்ப்பள்ளிகளை நடத்திக்கொண்டு, 'தமிழ் வராது' என்று சொல்பவரிடம் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மும்மொழிக்கும் இடமுண்டு

நான் மலாயையும் ஆங்கிலத்தையும் விரட்டச் சொல்லவில்லை. மலாய் ரூமி எழுத்தில் எழுதப்படுவதால் ஆங்கில விசைப்பலகையே அதற்கும் போதும். ஆக, குறுநிரல் ஏற்ற வேண்டியவை இரண்டே அமைப்புகள்; மாறிக்கொள்ள ஒரு விசை. முதலில் நிற்பது தமிழாக இருக்கட்டும் என்பதே என் கோரிக்கை. தமிழ்99-ஆ, அஞ்சலா என்ற பழைய வழக்கை இங்கே இழுக்கவும் வேண்டாம். பள்ளி ஒன்றைத் தேர்ந்து, ஆறாண்டும் மாற்றாமல் வைத்திருந்தால் பிள்ளைகளின் விரல்கள் பழகிவிடும்.

'மெல்லிய முனையமெல்லாம் பழங்கதை. இப்போது எல்லாம் இணையத்தில்' என்பாரும் உளர். 2020-இல் கல்வி அமைச்சு டெலிமா தளத்தைத் தொடங்கிய பின், குழந்தைகள் ஒரு கணக்கில் புகுந்து உலாவிக்குள்ளேயே வேலை செய்கிறார்கள். சட்டை மாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை. குழந்தை புகுந்தவுடன் தொலைவிலிருக்கும் ஒரு நிர்வாகி எழுதிய அமைப்புகள் வந்து இறங்குவது அங்கும் உண்டு. கேள்வியும் அதேதான்: எழுதுபவர் யார்?

செய்ய வேண்டியவை

தலைமையாசிரியர்களே, பள்ளி வாரியத்தினரே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே! அடுத்த முறை கணினிக்கூடத்திற்கான விலைப்பட்டியல் மேசைக்கு வரும்போது, திரையின் அளவையும் வழங்கியின் நினைவகத்தையும் மட்டும் பார்த்துக் கையொப்பமிடாதீர்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேருங்கள். பள்ளிக்கென்று தனியொரு புகுபதிகைக் கோப்பும், அதைத் திருத்தும் உரிமையும் வேண்டும். தமிழ் உள்ளீட்டைச் சொற்செயலியிலும் உலாவியிலும் மாணவர் கணக்கில் புகுந்து செய்து காட்டிய பிறகே பணம் தரப்படும். புகுபதிகையின்போது எந்த நிறுவனத்தின் விளம்பரமும் தோன்றக்கூடாது. இம்மூன்றுக்கும் கூடுதலாக ஒரு சென்னும் ஆகாது. மறுக்கும் நிறுவனத்தை நாமும் மறுப்போம்.

ஆசிரிய நண்பர்களே! நாளை உங்கள் கணினிக்கூடத்தில், ஆசிரியர் கணக்கில் அல்லாமல், ஒரு முதலாம் ஆண்டு மாணவியின் கணக்கில் புகுந்து பாருங்கள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'அம்மா' என்று தட்ட எத்தனை நிமிடம் ஆகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பள்ளி வாரியக் கூட்டத்தில் படியுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதலாம், விவாதிப்போம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்